ஐந்து உருப்படிக்கு ஒரே அம்பு

கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் குடியிருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். கோடையில் இன்னும் அதிகம். ஊட்டியில் ரூம் வாடகை விசாரித்த கையோடு நம் ஞாபகம் வந்துவிடும் அவர்களுக்கு. சென்னையிலிருந்து வந்த மச்சினன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"கொல்லிமலையில என்ன பேக்கேஜ் மாமா இருக்கு?"

"பஸ் இருக்கு."

நான் கிண்டல் செய்யவில்லை. காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ராட்டினத்துக்குக் காசு கொடுக்கிறவர்கள் இதற்கு வெறும் டிக்கெட் எடுத்தால் போதும். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை வேறு. வயிறு புரட்டுகிறவனுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்குக் காட்டுவது ஆறுதலா, தண்டனையா? ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்ட மச்சினன், பாதி மலையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு மௌனமாகிவிட்டான்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் சாய்த்தவனைப் புறநானூறு பாடுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அம்பில் மிச்சம் பிடித்ததைத்தான் வாரி வழங்கியிருப்பான் என்பது என் கட்சி. ஆடி 17, 18-இல் அரசு விழா எடுக்கிறது. சிக்கனக்காரர்கள் சார்பில் ஒரு மாலை போடலாம்.

வாசலூர்பட்டியில் படகு, சீக்குப்பாறையில் காட்சிமுனை எல்லாம் உண்டு. ஆனால் மலைக்கு வந்தவனை ஆளாக்குவது ஆகாய கங்கைதான். அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேல் படிகள், செங்குத்தாக. அருவியில் தலையைக் கொடுத்தால் முதுகில் நாலு பேர் சேர்ந்து குத்துவது போலிருக்கும். மசாஜுக்குத் தனிக் காசு இல்லை. இறங்கும்போது வாய் ஓயாமல் பேசி வந்த மச்சினன், ஏறும்போது கைப்பிடிக் கம்பியை மட்டுமே உறவாக நினைத்தான். அவன் சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்கு பறித்ததைக்கூடத் தட்டிக் கேட்கவில்லை.

மேலே முடவாட்டுக்கால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பழுப்பு ரோமம் அடர்ந்த கிழங்கு. பார்த்தால் ஆட்டுக்கால்தான் என்று சத்தியம் செய்வீர்கள். பாறையில் ஒட்டி வளரும் பெரணி வகை, சுத்த சைவம். தோலைச் சீவி, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். மூட்டுவலிக்குக் கேட்கும் என்பது பேச்சு.

"கீழ போற வழியில கடை போட்டா ஓடாதாங்க அக்கா?" என்றேன்.

"எறங்கறவங்களுக்கு முட்டி இருக்கறதே தெரியாதுங்க."

மச்சினன் இரண்டு டம்ளர் குடித்தான்.

சோளக்காட்டுச் சந்தையில் என் மனைவி விலை பேசி ஒரு பலாப்பழம் வாங்கினாள். திரும்பும் பஸ்ஸில் அதற்கும் லக்கேஜ் டிக்கெட். வலது வளைவில் இடப்பக்கம், இடது வளைவில் வலப்பக்கம் என்று உருண்டு, எல்லார் காலிலும் முள்ளால் ஒரு வணக்கம் வைத்தது. மச்சினன் கண்ணை இறுக மூடியிருந்தான்.

கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிக்கெட் எடுத்ததுக்கு இது ஒண்ணுதாங்க நல்லா சுத்திப் பாக்குது."