ஒற்றை ரூபாய்ச் சாஸ்திரம்: ஒரு விசாரணை

மயிலாப்பூர் மாடவீதிகளையொட்டிய சந்துகளில் வசிக்கும் பென்ஷன்தாரர் ஒருவர், ஒரு வங்கியில் முதிர்ந்த டெபாசிட்டை எடுத்து, கால் சதவிகிதம் வட்டி கூடுதலாகத் தரும் வேறொரு வங்கியில் புதிதாக எஃப்.டி. போடக் கருதுமிடத்து, மொத்தத் தொகையையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடாமல், முதற்கண் ஒரே ஒரு ரூபாயை அனுப்பி, அது க்ஷேமமாகப் போய்ச் சேர்ந்த செய்தியை அறிந்த பிறகே மிச்சத்தை அனுப்பும் சம்பிரதாயம் எவ்வாறு தோன்றியது, அதற்குப் பிரமாணம் யாது, அதை அநுஷ்டிப்பதில் உள்ள பேதங்கள் எவை என்பன பற்றி இதுகாறும் எந்தப் பண்டிதரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. மொய் எழுதும்போது நூறோடு ஒன்று ஏன் சேர்கிறது என்று விளக்குவதற்குக் கல்யாண வீட்டுப் பந்திதோறும் ஆள் இருக்கிறது. அந்த ஒரு ரூபாய் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது. முன்னால் தன்னந்தனியாகப் புறப்பட்டுப் போகும் ரூபாயைத்தான் கேட்பாரில்லை.

மூலத்தைத் தேடுவோர் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதிக்குப் போகவேண்டும். அன்றைய தினம் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திற்று. வெள்ளைக்காரக் கம்பெனியாயிற்றே என்று ஆயுட்கால சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்த ஜனங்கள் திகைத்து நிற்க, மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முனைந்ததன் பயனாக 1907 ஆகஸ்டு 15 அன்று இந்தியன் வங்கி அலுவலைத் தொடங்கியது என்பது சரித்திரம். சரித்திரத்தில் எழுதப்படாதது, அன்று முதல் மயிலாப்பூரில் எந்தக் கட்டடத்தின் தூண் எவ்வளவு பருமனாயிருந்தாலும் அதைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் வேரூன்றியது என்பது. அவ்வழக்கத்திலும் ஒரு விதிவிலக்கு இருந்தது: பந்துக்கள்போல் பழகும் சொந்தப் பேட்டை நிதிகளை யாரும் சந்தேகிப்பதில்லை. 1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டில், முதிர்ந்த பணம் திரும்பவில்லை என்று 2024-இல் வைப்பாளர்கள் போலீஸை நாடியபோது அந்த விதிவிலக்கும் போயிற்று.

நிதிக் கம்பெனிகளுக்கு டெபாசிட் இன்ஷூரன்ஸ் கிடையாது, வங்கிகளுக்கு உண்டு. 1960-இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் பாங்க் கவிழ்ந்ததன் பின் விளைந்த அந்த ஏற்பாடு, 1962-இல் ஆளுக்கு 1,500 ரூபாய் என்று தொடங்கி, 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியுமாகச் சேர்த்து 5 லட்சம் என்று நிற்கிறது. இதன் நுட்பம் அறிந்தோர் 5 லட்சம் போடமாட்டார்கள். ஏறப்போகும் வட்டிக்கு இடம் விட்டு நாலரை லட்சத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இதனினும் சூட்சுமமான விதி ஒன்றுண்டு. கணவன் பெயர் முதலிலும் மனைவி பெயர் பின்னுமாக ஒரு கூட்டுக் கணக்கும், மனைவி பெயர் முதலிலும் கணவன் பெயர் பின்னுமாக வேறொன்றும் இருந்தால், அவ்விரண்டும் தனித்தனியே இன்ஷூரன்ஸ் பெறும். குடும்பத்தில் யார் முதல் என்று நாற்பது வருஷமாகத் தீராத வழக்கொன்றை, இருவருமே முதல் என்று தீர்ப்பளித்து, தீர்ப்பின் மதிப்பு 5 லட்சம் என்றும் அறுதியிட்ட நீதிமன்றம் இதைத் தவிர வேறெங்குமில்லை.

இனி அநுஷ்டானம். புதுக் கணக்கின் எண்ணை எங்கிருந்து பெறுவது என்ற கேள்விக்கு நியாய சாஸ்திரிகளின் விடையே நமக்கும் விடை. பாஸ்புக்கில் அச்சிட்டதைக் கண்ணால் காண்பது பிரத்யக்ஷம், அது உத்தமம். சப்தமும் பிரமாணமே ஆயினும், அது ஆப்தனுடைய வாக்காக இருக்கவேண்டும். உச்சிவெயிலில் ஃபோன் செய்து, "பேங்க்லேருந்து பேசறேன் சார், கணக்கு நம்பர் மாறியிருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று கேட்பவன் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் ஆப்தனாகான்.

எண் கிடைத்தபின் பாராயணம். தெற்கு மாடவீதி வீடொன்றில் நான் கண்டவாறு சொல்கிறேன். மாமா பூதக்கண்ணாடி வழியே பாஸ்புக்கைப் பார்த்து வாசிக்க, மாமி ஃபோனில் தட்டுகிறார். "நாலு அஞ்சு." "நாலு அஞ்சு, அஞ்சு நாலு, நாலு அஞ்சு." வேதத்தில் ஓரெழுத்தும் பிசகாதிருக்கப் பதங்களை நேராகவும் தலைகீழாகவும் மறுபடி நேராகவும் ஓதும் ஜடை என்னும் முறை இருக்கிறதல்லவா, அம்முறையேதான். ஐ.எஃப்.எஸ்.சி. என்னும் பதினோரெழுத்துக் குறியீட்டுக்கு வந்ததும் மாமி நிறுத்தி, "அஞ்சாவது ஓவா, ஸைபரா?" என்கிறார். அவ்விடத்தில் எப்போதும் ஸைபர்தான். இது தெரியாமல் ஓவைத் தட்டிவிட்டு வங்கியைத் திட்டுவோர் தியாகராய நகரில் அநேகர்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குக் காரணமுண்டு. என்.இ.எஃப்.டி. முதலிய மார்க்கங்களில், பணம் பெறும் வங்கியானது பெயரைப் பாராமல் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. நாம் பக்தியோடு இனிஷியல் பிசகாமல் எழுதிய நாமதேயம் வெறும் அலங்காரம். ஆகவேதான் ஒற்றை ரூபாய் முன்னே போகிறது. அது போன பின் புது வங்கிக் கிளைக்கு, "ஒரு ரூபா வந்துடுத்தா பாருங்கோம்மா" என்று ஒரு ஃபோன்; "வந்துடுச்சு சார்" என்று பெருமூச்சோடு ஒரு பதில். அடையாற்றுக் காந்தி நகர்வாசிகள் ஃபோன் செய்வதில்லை. புதுக் கணக்கின் ஆப்பைத் தாமே திறந்து பார்த்துக்கொள்கிறார்கள். இதனை நவீன மதம் என்க.

இங்கே ஒரு பூர்வபக்ஷம். என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் முதல் தேதிக்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்துவிட்டபடியால், இனி ஒற்றை ரூபாய் எதற்கு என்பர். இவ்வாட்சேபம் வேறெந்த ஊருக்கும் பொருந்தும். திரையில் எஸ். சுப்பிரமணியன் என்று வந்தால் மட்டும் ஒரு மயிலாப்பூர்வாசி என்ன நிச்சயத்தை அடைவார்? அவர் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே எஸ். சுப்பிரமணியன் மூவர் இருக்க, தபால்காரருக்கே இன்னும் தீராத சந்தேகத்தைத் திரை எப்படித் தீர்க்கும்?

ராகுகாலம் பற்றியும் ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். பத்தேகாலுக்கே பொத்தானை அமுக்கிவிட்டார் ஒருவர் என்று கொள்வோம். என்.இ.எஃப்.டி. அரைமணிக்கொரு தொகுதியாகத் தீர்வாவது. தொகுதி தீர்ந்தபின் வரவு வைக்க இரண்டு மணி நேரம்வரை அவகாசமுண்டு. பணம் நல்ல நேரத்தில் புறப்பட்டு ராகுகாலத்தில் வந்திறங்கினால் தோஷம் அனுப்பியவருக்கா, பெற்றவருக்கா? இருவரும் ஒருவரே என்பதால் தப்ப வழியில்லை. சில விநாடிகளில் சேர்ப்பிக்கும் ஐ.எம்.பி.எஸ். தோன்றியதன் தாத்பரியம் இதுவே என்று துணிகிறேன்.

எஞ்சியிருப்பது ஒரே விவாதம். முன்னே போன ரூபாயைப் பின்னே போகும் தொகையில் கழிப்பதா, வேண்டாவா? கழிப்போர் 4,49,999 அனுப்புகிறார்கள்; கழியாதோர் 4,50,000 அனுப்பி, ஒற்றை ரூபாயைப் புது சேவிங்ஸ் கணக்கிலேயே விட்டுவைக்கிறார்கள். ஒன்பதுகளை எண்ணுவதில் பிசகு வரும் என்பது கழியாதோர் வாதம். ஸைபரும் நாலுதானே ஐயா என்பது மறுப்பு. நாகேசுவரராவ் பூங்காவில் காலை நடைக்கு வருவோர் இது குறித்து இரு கட்சியாக நிற்கிறார்கள். நான் கழிப்போர் கட்சி. ஆனால் இரண்டாவது தொகை போய்ச் சேர்ந்ததா என்று அறிய அவர்களும் அதே கிளைக்கு மறுபடி ஃபோன் செய்கிறார்கள்.