ஸ்வெட்டர் போட்ட பைரவர்

மார்கழி பொறந்துட்டாப் போதும்டா தம்பி. பூங்காவுக்கு நாயைக் கூட்டியார சனத்தைப் பார்க்க எனக்கு ரெண்டு கண்ணு பத்தாது. நீ பெங்களூர்லேர்ந்து வந்தவனா இரு, மெட்ராஸ்லேர்ந்து வந்தவனா இரு. பாடாலூர்ல கார் திரும்பி செட்டிகுளம் வந்து சேர்றதுக்குள்ள நாய்க்கு ஸ்வெட்டர் ஏறிடுது. நாலு காலுக்கும் சோடு. கழுத்துப் பட்டையில அதோட பேரு, பேருக்குக் கீழ உன் போன் நம்பரு. நம்பரு நல்ல யோசனைதான், அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். மத்ததெல்லாம் எதுக்குடா?

நம்ம ஊரு மார்கழி எம்புட்டுக் குளுரு? விடியக்காலம் இருபது டிகிரி பக்கத்துல நிக்கும். தலையில ஒரு துண்டைச் சுத்திக்கிட்டா என் குளிருக்கு அது போதும். பனியும் மூட்டமும் நீண்டா வெங்காயத்துல கோழிக்கால் நோய் விழுந்துருமோன்னு கொல்லைக்காரன்தான் கவலைப்படணும். நீ பிடிச்சிட்டு வந்துருக்கிறதோ சைபீரியா ஹஸ்கி. அதோட பாட்டன் பூட்டனெல்லாம் மைனஸ் நாப்பதுல வண்டி இழுத்த சாதி. 1925-ல அலாஸ்காவுல நோம்னு ஒரு ஊர்ல புள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் கண்டுச்சு. ஊரே பனியில மூடிக் கெடக்கு, மருந்து வர வழியில்லை. நாய் பூட்டுன சறுக்கு வண்டியிலதான், ஆளு மாத்தி ஆளு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல அஞ்சரை நாள்ல கொண்டாந்து சேத்தாங்க. அப்பேர்ப்பட்ட வம்சத்துக்கு நீ செட்டிகுளத்துல கம்பளி போத்துறியே, அது உன்னைப் பத்தி என்னடா நெனைக்கும்?

அதுக்கு உடம்போடயே ரெண்டு போர்வை இருக்கு. மேல முரட்டு மயிரு, அடியில பஞ்சு மயிரு. உடம்புச் சூடே 38, 39 டிகிரி. உனக்கு அது வந்தா காய்ச்சல்னு லீவு போட்டுப் படுத்துருவே. நம்மளைப் போல வேத்துக் கொட்டவும் அதுக்கு வழியில்லை. பாதத்துல கொஞ்சம் வேர்க்கும், மிச்சச் சூட்டை நாக்கைத் தொங்கப் போட்டுத்தான் எறக்கணும். அது நாக்கைத் தொங்கப் போட்டா நீ "பாருங்க தாத்தா, சிரிக்குது"ன்னு போட்டோ எடுக்குற. சிரிக்கலைடா. கழட்டித் தொலைடான்னு கும்பிடுது. குட்டி, கெழடு, மயிரு கம்மியான சின்ன நாய், இதுகளுக்குப் போத்திவிடு, ஒத்துக்கிறேன். நம்ம சிவன் கோயில்ல பைரவரைப் பார்த்திருக்கியா? அவரே ஒட்டுத்துணி இல்லாம நிக்கிறாரு. பின்னாடி நிக்கிற அவரு நாய்க்கு என்னத்தைப் போத்துவே?

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னின்னு நம்ம வெயிலுக்குன்னே பொறந்த நாய் இங்க இருக்கு. ராஜபாளையத்துக்கு 2005-ல தபால்தலையே போட்டுட்டாங்க. ஆனா பூங்காவுல அதைக் கூட்டிவந்தா யாரு திரும்பிப் பாக்குறா? பேரு வாயில நுழையாத நாயா இருந்தாத்தானே உனக்கு மரியாதை!

சரி, பூங்காவுக்கு வந்துட்டே. என்ன பெரிய பூங்கா? சறுக்குமரம் ஒண்ணு, ஊஞ்சல் ரெண்டு, வேப்பமரம், சிமெண்டு பெஞ்சு. அதுல நீ பண்ற காரியத்தை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாய் ஒரு கம்பத்துக்கிட்ட நிக்குது. நீ இழுக்குற. ஒரு புல்லுக்கிட்ட குனியுது. மறுபடி இழுக்குற. ஏன்? உன் கையில கட்டுன கடியாரம் பத்தாயிரம் அடி கேக்குது. அந்தப் பத்தாயிரம் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? 1965 வாக்குல ஜப்பான்காரன் அடி எண்ணுற கருவி விக்கிறதுக்காக அதுக்கு வச்ச பேரு. அவன் யாவாரத்துக்கு நீ ஓடுற, உன் கடியாரத்துக்கு நாய் ஓடுதாக்கும்!

நாய் எதுக்குடா வெளியில வருது? மூக்குக்காக. வாசம் பிடிக்கிற அணு நம்ம மூக்குல அம்பது அறுபது லட்சம். அதுக்கு இருபது கோடிக்கு மேல. அதுலயும் மார்கழி விடியல்ல காத்து அசையாது, மண்ணு ஈரமா இருக்கும், வாசம் மேல பறக்காம தரையோட தங்கும். நேத்து ராத்திரி எந்த நாய் வந்துச்சு, ஆணா பொண்ணா, கீரிப்புள்ளை எந்தப் பக்கம் போச்சு, அம்புட்டும் அங்க கெடக்கு. டீக்கடைப் பெஞ்சுல தந்தி பேப்பர் நமக்கு எப்படியோ, அந்தக் கம்பம் அதுக்கு அப்படி. பேப்பரை நான் பாதி படிக்கையில நீ வெடுக்குனு புடுங்குனா உன்னை விட்டுருவேனா? மோந்து பாக்க விடு. உனக்கு நின்னு நின்னு கால் கடுத்தா பெஞ்சுல உக்காரு. வீட்டுக்குப் போனதும் காது இடுக்கு, விரல் இடுக்குல உண்ணி ஒட்டியிருக்கான்னு பாரு. போட்டோவுக்கு எடுத்துக்கிட்ட நேரத்துல பாதி கூட அதுக்கு ஆகாது.

அப்புறம் உங்க எல்லாருக்கும் ஒரு மந்திரம் இருக்கே, "ஒண்ணும் பண்ணாது அங்கிள்." அது ஒண்ணும் பண்ணாதுன்னு உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? முக்கியமா, அதுக்குத் தெரியணுமேடா! 2024 மே மாசம் சென்னையில ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பூங்காவுல, அங்க காவல் பாக்குறவரோட அஞ்சு வயசுப் பொண்ணை ரெண்டு ராட்வைலர் கடிச்சுக் குதறிப் போட்டுச்சு. கயிறுங்கிறது நாய்க்குத் தண்டனை இல்லை தம்பி. எதுக்க வர்ற புள்ளைக்கு நீ குடுக்குற வாக்கு.

மூணு மாசக் குட்டியிலேயே வெறிநாய்த் தடுப்பூசி, அப்புறம் வருசா வருசம். யாரையாவது கடிச்சுருச்சா? "சின்னக் கீறல்தான்"னு மழுப்பாதே. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவு. கழுவிட்டு நேரா அரசாங்க ஆஸ்பத்திரி. மஞ்சள், மொளகாய்த் தூள், சுண்ணாம்புன்னு எடுத்துட்டு எங்க சோட்டுக் கெழடு கட்டை எதாவது ஓடியாந்தா, அதுகளை அந்தப் பெஞ்சுலயே உக்காத்தி வச்சுட்டுப் போ. அந்த விசயத்துல எங்க பேச்சைக் கேக்காதே.

பூங்கா மணல்ல புள்ளைக வெறுங்காலோட ஆடுது. நாய்ப் பீயிலேர்ந்து கொக்கிப்புழு மண்ணுல எறங்கி அந்தக் கால் தோல் வழியா உள்ள ஏறும். அதனால அள்ளு. பையோட வர்ற ஆளைப் பார்த்தா நான் பெஞ்சை விட்டு எந்திரிச்சே நிப்பேன். ஐதராபாத்துல கொண்டாப்பூர்ல, குப்பை கொட்டிக்கிட்டு இருந்த இடத்தைச் சுத்தம் பண்ணி 2018-ல நாய்க்குன்னே ஒரு பூங்கா தொறந்தாங்களாம். ஒண்ணே கால் ஏக்கருக்கு மேல. ஏக்கருக்கு அறுநூறு கிலோன்னு நான் எண்ணூறு கிலோ பக்கம் விதை வெங்காயம் ஊனியிருப்பேன், அது வேற கதை. குப்பைமேட்டைப் பூங்காவாக்குறவன் ஒருத்தன், பூங்காவைக் குப்பைமேடாக்குறவன் ஒருத்தன். நீ எந்தக் கட்சி?

வெங்காயம்னதும் ஞாபகம் வருது. நம்ம ஊர் மலை மேல முருகனே கரும்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. கீழ எங்க கையிலயோ எந்நேரமும் சின்ன வெங்காயம்தான். சாம்பார்ல, பழைய சோத்துக்கு, பட்டறை நெறைய. நம்ம பெரம்பலூர்க்காரன் பெருமையே அதுலதான் இருக்கு. ஆனா அந்தப் பெருமையை உன் நாய் வாயில ஊட்டாதே. நாயோட ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுவை வெங்காயம் உடைச்சுப்புடும். பச்சையா இருந்தாலும் அப்படித்தான், வெந்தாலும் அப்படித்தான், பொடியா இருந்தாலும் அப்படித்தான். நாயோட எடையில கிலோவுக்கு 15 கிராம் உள்ள போனாலே தொந்தரவு தொடங்கலாம். பத்துக் கிலோ நாய்னா கணக்குப் போட்டுக்க, ரெண்டு கைப்பிடி கூட வராது. அதுவும் அன்னைக்கே தெரியாது. நாலஞ்சு நாள் கழிச்சு ஈறு வெளுக்கும், சோந்து படுக்கும், மூத்திரம் காப்பி நெறத்துல போகும். அப்ப நீ குளிர்தான் ஒத்துக்கலைன்னு இன்னொரு கம்பளி வாங்கப் போவே!

"பாவமாப் பாக்குதே தாத்தா"ங்கிறியா? எல்லா நாயும் தின்கிறவன் வாயைப் பாவமாத்தான் பாக்கும், அதுக்கு அது தொழில். தண்ணி வையி. சோறு வீட்டுல போடு. பூங்கா வாசல்ல சூடா வெங்காய வடை வாங்குனா நீ தின்னு. மிச்சம் இருந்தா இந்தப் பெஞ்சுப் பக்கம் தள்ளு. எனக்கு வெங்காயம் நல்லா சேரும்.