நல்ல சேதிக்கு மட்டும் நான் பொறுப்பு

உலகத்துச் சமாசாரங்களெல்லாம் இரண்டே ஜாதி என்பது ரவாங் வட்டாரத்துத் தபால்காரரின் சித்தாந்தம். ஒன்று, அவர் கொண்டுவருவது. மற்றது, எவனோ அனுப்புவது. மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்த ஆணை, ஊழியர் சேமநிதியில் அவ்வருஷம் ஏறிய இலாப ஈவு, ஈப்போவிலிருக்கும் சம்பந்தி வீட்டார் ஒருவழியாக மனமிரங்கி அச்சடித்தனுப்பிய கல்யாணப் பத்திரிகை முதலிய மங்களங்களையெல்லாம், தம் கைப்பணத்தைச் செலவழித்து அந்தக் குடும்பத்துக்கென்றே வாங்கிவந்தவரைப் போன்ற முகத்தோடு ஹாரனை அடித்து, வேலிக் கதவுக்கு மேலாக நீட்டி, வீட்டார் பிரித்துப் படித்து முகம் மலரும்வரை இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் காத்திருப்பார். சம்மனோ, வங்கியின் கடைசி எச்சரிக்கையோ வந்துவிட்டால் ஹாரனும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. உறை பெட்டிக்குள் விழுந்த ஓசை கேட்டு யாரேனும் எட்டிப் பார்ப்பதற்குள் சந்து திரும்பிவிடுவார். தப்பித் தவறி அகப்பட்டுக்கொண்டால், "நமக்கு ஒண்ணும் தெரியாதும்மா, மேலேருந்து அனுப்பியிருக்கான்" என்று ஆகாயத்தைக் காட்டுவார். அந்த 'மேலே' இருப்பவன் புத்ராஜெயாவில் இருக்கிறானா, வைகுண்டத்தில் இருக்கிறானா என்பதை அவர் இன்றுவரை தெளிவுபடுத்தியதில்லை.

உறையைப் பிரித்துப் பார்ப்பது உத்தியோக தர்மத்துக்கு விரோதம். பிரிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. 'உருசான் ஸ்ரீ படுகா பகிண்டா' என்று மாமன்னர் பெயரால் அச்சிட்ட பழுப்பு உறை வந்தால் முதலில் கனம் பார்ப்பார். ஒற்றைத் தாளானால் விவகாரம். தடித்திருந்தால் விண்ணப்பப் படிவம், அதாவது இன்னும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த வெள்ளை உறைக்குள்ளிருந்து சிவப்பெழுத்து எட்டிப் பார்த்தால், தவணை தவறிய கார் அந்த வீட்டு வாசலில் இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்.

இந்தச் சித்தாந்தம் அவருக்குப் பரம்பரைச் சொத்தாக வந்தது. ரவாங் சாமானிய ஊரன்று. 1894 ஆம் ஆண்டிலேயே லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் இங்கிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். மலாயாவில் மின்விளக்கின் சரித்திரம் தொடங்குவதே இவ்வூரில்தான். ஆயினும் பின்னாளில் சுற்றிலும் எழுந்த கித்தாத் தோட்டங்களின் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் ஆட்சி செய்தது. தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறி வந்த கடிதங்களை அந்த வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டவுனுக்குச் சைக்கிள் மிதித்துப்போய்த் தோட்டத்துத் தபால் பையை வாங்கிவரும் ஆபீஸ் தம்பியோ, கிராணி வீட்டுப் பையனோதான் வாசிக்கிறவன். வாசிக்கிறவனுக்கு முன்னால் குடும்பமே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும்போது, 'சிவப்பிப் பசு சித்திரை மாதம் செத்துப்போச்சு' என்ற வரியை முதலில் வாசிக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? கன்று ஈன்றதை முதலில் வாசிப்பான். மழை பெய்ததை வாசிப்பான். தங்கை ருதுவானதைக் குரலை ஏற்றி வாசிப்பான். பசுவின் விஷயத்தை, காப்பித்தண்ணி உள்ளே போன பிறகு, தனக்குச் சம்பந்தமில்லாத குரலில் முணுமுணுப்பான். ஜப்பானியர் காலத்தில் இந்தியக் கடிதங்கள் அற்றுப்போய், 1945 க்குப் பிறகு மீண்டும் வரத் தொடங்கியபோது, மூன்றரை வருஷத்துப் பிறப்பும் இறப்பும் ஒரே உறைக்குள் கலந்து வந்தன என்பார்கள். பிறந்தவர்களை வாசித்து முடிக்க ஒரு மாலை, இறந்தவர்களுக்கு மறு மாலை என்று தவணை வைத்துக்கொண்ட பையன்களும் இருந்திருப்பார்கள். இருந்திருந்தால் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

தோட்டங்கள் போய்த் தாமான்கள் வந்தன. கித்தா மரம் நின்ற மேட்டில் இரட்டை மாடி வீடுகள் வரிசைபிடித்து நிற்கின்றன. தபால் இலாகாவும் 1992 இல் நிறுவனமாகிவிட்டது. சைக்கிள் இருந்த இடத்தில் பெட்டி கட்டிய கப்சாய் மோட்டார் சைக்கிள். முகவரிகள் முன்னெப்போதும் இல்லாத சுத்தம்: வீட்டெண், ஜாலான் எண், தாமான் பெயர், 48000 என்ற அஞ்சற் குறியீடு. இவ்வளவு இருந்தும் ஆளைக் கண்டுபிடிக்க நம்மவரே வேண்டியிருக்கிறது. சீன அன்பர்களுக்கு நான்கு ஆகாத எண்ணாதலால் மூன்றுக்கு அடுத்த வீடு மூன்று ஏ ஆகிவிடும்; நான்காம் எண்ணுக்கு வந்த கடிதத்தோடு புதிய தபால்காரர் தெருவை மேலும் கீழும் அளந்துகொண்டிருப்பார். நம்மவரோ முகவரியைப் பார்ப்பதே இல்லை. பெயரைப் பார்ப்பார், தகப்பன் பெயரைப் பார்ப்பார். ஒரே ஜாலானில் மூன்று முனியாண்டிகளும் ஐந்து லெட்சுமிகளும் குடியிருந்தாலும், இன்ன முனியாண்டி இன்ன தோட்டத்துத் தண்டலின் பேரன், பெண் எடுத்தது செரண்டாவில், கொழுந்தனோடு பேச்சுவார்த்தை இல்லை என்ற வம்சாவளி அவருக்கு மனப்பாடம். இதில் ஓர் உபகாரமும் ஓர் உபத்திரவமும் உண்டு. கடிதம் தவறாமல் வந்து சேரும். கூடவே, கொழுந்தனோடு ஏன் பேசக் கூடாது என்ற ஆலோசனையும் வந்து சேரும்.

நாய்களைப் பற்றியும் மத்தியானத்து இடிமழையைப் பற்றியும் எழுதாமல் தபால்காரரைப் பற்றி எழுதுவது மரபன்று. நாய்கள் குரைக்கின்றன, மழை பெய்கிறது, நம்மவர் நாய்க்கு ரொட்டியும் கடிதத்துக்குப் பிளாஸ்டிக் பையும் வைத்திருக்கிறார். மரபு காப்பாற்றப்பட்டது.

அவரை உண்மையில் நிலைகுலையச் செய்திருப்பது பார்சல். கைப்பேசியில் விரலால் தொட்டு வாங்கிய சரக்குகள் சாம்பல்நிறப் பிளாஸ்டிக் பைகளில் வந்து குவிகின்றன. இவற்றில் சுபம் எது, அசுபம் எது? ஹாரன் அடிப்பதா, கூடாதா? குலுக்கிப் பார்ப்பார், காதருகே வைப்பார், "என்ன தங்கச்சி, செருப்பா?" என்று கேட்டுவிட்டு, பிரித்துக் காட்டப்படும்வரை நகர மாட்டார். செருப்பு அளவு சரியாயிருந்தால் பெருமை அவருக்கு, சிறிதாய்ப் போனால், "மேலேருந்து அப்படித்தான் அனுப்பியிருக்கான்."

இந்தச் சித்தாந்தத்துக்குச் சென்ற மழைக்காலத்தில் ஒரு சோதனை நேர்ந்தது. பேரன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறந்ததற்காகக் கேமரா படம்பிடித்து அனுப்பிய சம்மன் ஒரு பாட்டியின் வீட்டுக்கு வந்தது. மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் பாட்டியின் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டபடியால், சந்து திரும்பும் சௌகரியம் நம்மவருக்கு வாய்க்கவில்லை. பாட்டி உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "நல்லதா தம்பி, கெட்டதா?" என்றார். ஆகாயத்தைக் காட்டலாமென்றால் அங்கே இடி முழங்கிக்கொண்டிருந்தது. நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்மன்தான் பாட்டி. முந்நூறு வெள்ளி போட்டிருக்கான். ஆனா இப்போ அரைவாசி கழிச்சுக்கிறாங்களாம், பேப்பர்ல வந்திருக்கு. சம்மன் அவன் அனுப்பினது. கழிவுச் சேதி நான் கொண்டாந்தது."

பாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மனத்துக்குள் கழித்துப் பார்த்தார்.

"அப்போ நூத்தம்பது வெள்ளி உன்னால மிச்சம்."

"பின்னே?" என்றார் நம்மவர், நெஞ்சை நிமிர்த்தி.

"மீதி நூத்தம்பதையும் நீயே கட்டிடு தம்பி. அதுவும் நல்ல சேதிதான்."

மழை விடவில்லை. நம்மவர் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.