நொச்சித் திணையும் கொசு முற்றுகையும்: சுந்தரபாண்டியத்து வீடொன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

கோட்டையை வளைப்பவன் உழிஞை சூடுவான். உள்ளே இருந்து மதில் காப்பவன் நொச்சி சூடுவான். களத்தில் நேருக்கு நேர் மோதுகிறவர்களுக்குத் தும்பை. புறத்திணை படித்தவர்களுக்கு இது தெரியும். அவர்களுக்குத் தெரியாதது, இவற்றில் நொச்சியையும் தும்பையையும் எங்கள் அம்மாச்சி கொசுவுக்குப் புகை போடுகிறாள் என்பது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க இவ்வாய்வாளனால் இயலவில்லை. தொல்காப்பியர் நொச்சியைத் தனித் திணையாக்கவில்லை, உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டார். பின்னால் வந்த ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் அதைப் பிரித்துத் தனியே நிறுத்தினார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கொசு பெருகியிருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆய்வுக் களம் சுந்தரபாண்டியம். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்துப் பேரூராட்சி. மேற்கே பார்த்தால் மலை. ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்துவிட்டால் ஆட்டுக்கல் குழி முதல் கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை வரை எல்லாமே ஏரிதான். கொசுவின் முற்றுகையும் போர் முறைப்படி வெட்சியில் தொடங்குகிறது. வெட்சி என்றால் ஆநிரை கவர்தல். கொசுவும் முதலில் தொழுவுக்குத்தான் போகிறது. ஆகவே முதல் மூட்டம் மாட்டுக்கு. மனிதனுக்கு மிஞ்சியதுதான்.

மூட்டத்துக்கு ஓட்டைச் சட்டியில் இரண்டு வரட்டி, சிரட்டைக் கங்கு, மேலே வேப்பந்தழை. வேம்பு பாண்டியனின் மாலை. பெயரிலேயே பாண்டியனை வைத்திருக்கும் ஊர்க்காரன் பனையையோ ஆத்தியையோ கொளுத்தினால் அது ராஜ துரோகம். தழையின் பதத்தில்தான் நுட்பம் இருக்கிறது. முழுப் பச்சை என்றால் கண்ணைப் பிடுங்கும், முழுச் சருகு என்றால் குப்பென்று எரிந்து போகும். பாதி வாடியிருக்க வேண்டும். “எவ்வளவு நேரம் வாடணும் அம்மாச்சி?” என்று கேட்டேன். “வாடுற வரைக்கும்யா” என்றாள். ஆய்வேட்டில் இதை அப்படியே பதிந்திருக்கிறேன்.

புகை விளைவை ஏழு மாலைகள் கவனித்ததில் வீட்டை விட்டு வெளியேறிய வரிசை மாறவே இல்லை: முதலில் இருமிக்கொண்டே தாத்தா, பிறகு பூனை, பிறகு நான். கொசு நான்காவது, அதுவும் புகை அடங்கியதும் தாத்தாவுக்கு முன்பே திரும்பிவிடும். தாத்தாவுக்கு ஏற்கெனவே நெஞ்சில் இழுப்பு. ஆகவே இந்த வழியை அவர் பொருட்டுக் கைவிட வேண்டியதாயிற்று. (இளைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் மூட்டம் வேண்டாம் என்பதை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன்.)

அடுத்தது எண்ணெய். ஆனி, ஆடியில் பொறுக்கிய வேப்பமுத்தை ஆட்டிய எண்ணெய். இதற்கு அச்சிட்ட ஆதாரமே உண்டு. தேங்காயெண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து உடம்பில் தடவினால் அனோபிலஸ் கொசுக்கள் 12 மணி நேரம் கடிப்பதில்லை என்று வி.பி. சர்மாவும் உடன் ஆய்ந்தவர்களும் 1993இல் எழுதினார்கள். கால் லிட்டர் தேங்காயெண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி, 5 மில்லி. அம்மாச்சி கண்ணளவில் ஊற்றியது அதைப் போல எட்டு மடங்கு இருக்கும். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் வடிகட்டி எல்லார் காலிலும் பூசினாள். அன்றிரவு கொசு வரவில்லை; எதிர்வீட்டு அத்தையும் வரவில்லை.

மறுநாள் பகலில் கடித்தது. ஆய்வு திகைத்து நின்ற இடம் இது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மாமாதான் தெளிவுபடுத்தினார். குழித்தறியில் கால் குழிக்குள், கை நாடாவில். கடித்தாலும் அடிக்க முடியாது. அதனால் எது எப்போது கடிக்கும் என்பதில் அவருக்கு இணையான அறிஞர் இல்லை. “பகல்ல கடிக்கிறது வேற ஜாதிக் கொசு மாப்ள, கால்ல வெள்ளை வரி இருக்கும்” என்றார். அது ஏடிஸ், டெங்குவைச் சுமப்பது. விடிந்து சில மணி நேரமும் பொழுது சாயும் முன்னும் அது மும்முரமாக இருக்கும். நாமோ விளக்கு வைத்த பிறகு புகை போடுகிறோம். பகைவன் சாப்பிட்டுப் போனபின் கோட்டைக் கதவைச் சாத்துவது எந்தத் திணையில் சேரும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனவே நேரடியாக நொச்சிக்கே போவதென்று முடிவாயிற்று. சென்னை மாநகராட்சியே நீர்வழிக் கரையோர வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்ததுண்டு. அரசாங்கம் இலக்கணப்படி நடந்த அரிய தருணம் அது. வேலியோரத்தில் ஒடித்த நொச்சிக் கொத்தைக் கட்டிலுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, தறிக்காரர் மாமாவின் குழியோரத்துக்கு ஒன்று என நிறுத்தினோம். வாடாமல் இருக்க ஒவ்வொன்றையும் சொம்புத் தண்ணீரில் வைத்தது என் யோசனை.

பத்தாம் நாள், வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கிற அக்கா வந்தார். தொட்டியைப் பார்த்தார், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டைப் பார்த்தார், நன்றாக இருந்தன. பிறகு கட்டிலோரச் சொம்பில் டார்ச் அடித்தார்.

“தம்பி, இங்க வாங்க.”

உள்ளே வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு முப்பது, நாற்பது புழு. அனோபிலஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும் என்பதால், 1993ஆம் ஆண்டு ஆய்வு இவற்றுக்குப் பொருந்தாது என்று அந்த நிலையிலும் குறித்துக்கொண்டேன். அகழிக்குள்ளேயே பகைவனுக்குத் தொட்டில் கட்டியிருக்கிறோம். மாமா வீட்டுச் சொம்பிலும் அதேதான். அவர் இப்போது என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை.

அம்மாச்சி ஒன்றும் சொல்லவில்லை. சொம்புகளை வாங்கிச் சாக்கடையில் ஊற்றாமல், வெயில் காய்ந்த மண்ணில் கவிழ்த்தாள். நொச்சிக் கொத்துகளை உதறி, திண்ணையில் விரித்தாள்.

“வாடட்டும்யா. சாயந்தரம் தொழுவுக்கு ஆகும்.”