விட்டுப்போன அடியும் அதன் பழியும்: ஒரு நுண்ணாய்வு

'டைக்கோ நோ டாட்சுஜின்' என்னும் மேள வீடியோ கேமை நாம்கோ நிறுவனம் 2001இல் ஜப்பானிய ஆர்கேடுகளில் இறக்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் அடி தவறுவது குறித்துத் தமிழில் முறையான ஆய்வு எதுவும் எம் கண்ணில் படவில்லை. அடிக்குறிப்புக்கே அடிக்குறிப்பு எழுதும் நம் ஆய்வுலகம் இந்த அடியைக் கோட்டை விட்டது எப்படி? அவ்விடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைத்தால் அது உபரி.

முதலில் ஆய்வுப்பொருள். சிவப்புக் குறி வந்தால் மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும், அது 'டொன்'. நீலக் குறி வந்தால் விளிம்பில் தட்ட வேண்டும், அது 'கா'. குறிகள் வலமிருந்து இடமாக ஓடிவந்து ஒரு வட்டத்தில் பொருந்தும் கணத்தில் கை இறங்க வேண்டும். குறி பெரிதானால் இரு கை. மஞ்சள் வால் நீண்டால் அது முடியும்வரை சடசடவென்று. பலூன் வந்தால் வெடிக்கும்வரை. விதி இவ்வளவே, மற்றதெல்லாம் உரையாசிரியர் பிழைப்பு.

நிலைகள் நான்கு: எளிது, இயல்பு, கடினம், பேய். பேய்க்குப் பின்னால் இன்னொரு பேய் சில பாடல்களில் ஒளிந்திருக்கும். அது பின்னிணைப்புக்கு உரியது.

கற்போர் மூவகையினர் என்ப. பாட்டைக் கேட்டு அடிப்போர் முதல் வகை, இவர்கள் தோற்பர். திரையைப் பார்த்து அடிப்போர் இரண்டாம் வகை, இவர்களும் தோற்பர். மூன்றாம் வகையினர் சொந்தக் குச்சியோடு ஆர்கேடுக்கு வருவோர். கடைக் குச்சியை இவர்கள் தொடுவதில்லை. தம் கைக்கேற்பச் சீவி, பிடியில் டேப் சுற்றி, உறையில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஆடும்போது குச்சி மேளத்தை விட்டு ஒரு சாண்கூட எழும்பாது. மணிக்கட்டை ஒருமுறை உருட்டினால் இரண்டு அடி விழும். முகத்திலோ வருமான வரிப் படிவம் நிரப்புபவரின் அமைதி.

வேகம் பற்றிப் பாமரரிடையே ஒரு மயக்கம் உண்டு: குறிகள் வேகமாக ஓடினால் அடிப்பது கடினமாம். தேர்ந்தவர்கள் அந்த வேகத்தைத் தாங்களே கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். பாட்டின் தாளம் மாறாது. குறிகளுக்கு இடையே உள்ள வெளி மட்டும் அகலும். முண்டியடித்த வரிசை பிரிந்து கண்ணுக்குத் தெளியும். இதற்கும் ஒரு படி மேலே 'டோரோன்'. அதை இயக்கினால் குறிகளே மறைந்துவிடும். கண்ணில் படாத சான்றை நம்பி ஓங்கி அடிக்க வேண்டும். நம் வரலாற்றறிஞர் சிலருக்கு இது பயிற்சியின்றியே கைவரும்.

இனி மையப் பொருளாகிய பழி இயல். அடி தவறினால் குற்றம் யாருடையது? குச்சியினுடையது என்பது ஒரு கட்சி, பொருட்படுத்தத் தக்கதன்று. பாட்டினுடையது என்பது இன்னொன்று. அவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். வீட்டில் ஆடுவோரிடையே டிவியினுடையது என்பதே வலுவான கட்சி (எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவர், வாய்மொழி, மாடிப்படி).

இக்கட்சிக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. நொடிக்கு 60 படம் காட்டும் விளையாட்டில் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுத்துக்கொள்ளும். மூன்று படம் தாமதித்தாலே 50 மில்லி நொடி; நல்ல அடி சொதப்பலாக அது போதும். புளூடூத் ஹெட்செட்டை மாட்டினால் ஒலியும் பின்தங்கும். ஆகவே அறிஞர்கள் திரைவாதிகள், ஒலிவாதிகள் எனப் பிரிந்தனர். இரண்டுமே காரணம் என்போர் சமரசவாதிகள். இவர்களை இரு தரப்பும் கருத்தரங்குக்குக் கூப்பிடுவதில்லை (மேலது, முறுக்குத் தின்றவாறு).

அப்படியானால் அதே டிவியில், அதே குச்சியால், அம்மாணவரின் தங்கை ஓர் அடிகூட விடாமல் ஆடி முடித்தது எப்படி? திரைவாதம் இதனால் வீழாது. அவள் அவசரப்படாதவள், டிவியின் தாமதமும் அவளது நிதானமும் தற்செயலாக ஒத்துப்போயின (மேலது, திருத்திய இரண்டாம் பதிப்பு, தங்கை அறையை விட்டுப் போனபின், அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் இறுதி இயல் கிடைக்கவில்லை, கிடைத்த பகுதியிலும் பாதி முணுமுணுப்பு).

இயந்திரமோ எக்கட்சியும் சாராது. நன்று, பரவாயில்லை, ஆகாது என மூன்றே தீர்ப்பு. ஒவ்வோர் அடிக்கும் ஒன்று. அதுவும் கண்ணிமைக்கும் முன்பே. மேற்கோள் கேட்பதில்லை, நெறியாளர் யார் என்று விசாரிப்பதில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் இவ்விடத்தில் கண்கலங்கினால் ஆய்வாளர் பொறுப்பல்லர்.

இத்துறையில் மேலாய்வு செய்ய விழைவோருக்கு இரு வேண்டுகோள். கீழ்வீட்டார் உறங்கும் நேரத்தில் தரவு திரட்டாதீர்கள். டிவியின் மீது கட்டுரை எழுதுமுன், அதில் தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோட்' என்றொரு அமைப்பு இருந்தால் அதை ஒருதரம் போட்டுப் பாருங்கள்.