மகாராணியை உருக்கப் போன மச்சினன்

செம்பு விலை ஏறியிருக்கும் செய்தி என் மச்சினனுக்கு யூடியூபில் கிடைத்தது. காசு, அவன் தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடைத்தது.

"அத்தான், விக்டோரியா காலணா ஒண்ணு ஆறரை கிராம். அத்தனையும் சுத்தச் செம்பு!"

எடை சரிதான். பழைய காலணா 6.47 கிராம். 1906-இல் வெள்ளைக்காரன் வெண்கலத்துக்கு மாறி, எடையையும் 4.86 கிராமாக இறக்கினான். உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வர, 1943-இல் காசின் நடுவிலேயே ஓட்டை போட்டு இரண்டு கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டான். விலைவாசியை ஓட்டை வழியாகவே எட்டிப் பார்க்கும் பாக்கியம் அந்தத் தலைமுறைக்கு வாய்த்தது.

கிலோ எண்ணூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விக்டோரியா தலைக்கு ஐந்து ரூபாய் சொச்சம். ரூபாய்க்கு 64 காலணா என்ற கணக்கில் முந்நூறு மடங்கு லாபம்! நூறு வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்து இவ்வளவு சம்பாதித்த மகாராணி இரண்டு பேரைச் சேர்த்துக் கொடுத்தாலும் எங்கள் தெருமுனையில் ஒரு டீ வராது.

"உருக்கினா ஜெயிலாமே?" என்று என் மனைவி கேட்டாள்.

2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அந்தச் சட்டம் நாணயம் என்று சொல்வது இன்று செல்லுபடியாகும் காசைத்தான். செத்துப்போன காலணாவுக்கு அது காவல் நிற்பதில்லை. அதே சட்டத்தில் ஒரு ரூபாய் நோட்டும் நாணயம்தான். கிரெடிட் கார்டு நாணயம் அல்ல என்று தனியாக விளக்கம் வேறு. யாரோ கார்டை உருக்கிப் பார்த்திருக்க வேண்டும். கொடுக்கல் வாங்கல் தவிர வேறு எதற்கும் காசைப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. ஆடும் மேசைக்கு இரண்டு ரூபாயை முட்டுக் கொடுத்திருக்கும் என் மாமியாரிடம் இதை யார் சொல்வது?

செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். எங்கள் கேஸ் அடுப்பில் பால் பொங்குவதே தகராறு. ஆகவே காயலான் கடை. கடைக்காரர் காந்தத்தை வைத்துப் பார்த்தார், அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். "கம்பின்னா நல்ல ரேட்டு. இது கலப்படம் சார், பாதிதான் போடுவேன்" என்றார். மகாராணி கலப்படமாம்.

அடுத்தது பழைய நாணயக் கடை. அங்கே உலோகத்துக்கு விலை இல்லை, முகத்துக்குத்தான் விலை. காலம் ஏற்றிய பழுப்பு நிறம் கலையாமல் இருந்தால் கூடுதல் மதிப்பு. பளபளவென்று தேய்த்திருந்தால் போச்சு. மச்சினன் கொட்டிய குவியல் கல்யாண வீட்டுக் குத்துவிளக்காக மின்னியது.

கடைக்காரர் லென்ஸை இறக்கி வைத்தார். "புளி போட்டுத் தேய்ச்சீங்களா?"

"சேச்சே, எலுமிச்சம்பழம்" என்றான் மச்சினன், பெருமையாக.