மலை விடுதியும் தென்னை மரமும்

மஸ்கெலியாப் பக்கத்து விடுதி ஒன்றின் இணையத்தளத்தைத் திறந்தால் முதலில் வருவது கடற்கரை. கூடவே ஆடும் தென்னை. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடி ஏறி வந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கட்டும் என்று வைத்தார்கள் போலும்.

ஆறு மொழிகளில் நல்வரவு. வெந்நீர் வருமா என்பது ஒரு மொழியிலும் இல்லை. சிவனொளிபாத மலை சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடியும். நடுச்சாமத்தில் ஏறி, விடிந்தபின் முழங்கால் நடுங்க அடிவாரத்து நல்லதண்ணி ஊரில் இறங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது மூன்றே: அறை இருக்கிறதா, என்ன விலை, ஹட்டனுக்கு அடுத்த பஸ் எப்போது. தளத்திலோ 'எமது தொலைநோக்கு' மட்டும் இரண்டு பக்கம். போன் நம்பரில் ஓர் இலக்கம் குறைகிறது.

வரைபடக் குறியோ மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நடுவில் நிற்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுனுக்கு வழி காட்டுகிறார்களோ என்னவோ. வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தெரியும். விடுதி அப்போதும் தெரியாது.

தளத்தைச் செய்துகொடுத்த கொழும்புத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னால், "அண்ணே, அந்தத் தென்னை ஆடுறதப் பார்த்தீங்களா?" என்கிறார்.